பதினோரு புள்ளிகள்

முந்தைய நான்கு அத்தியாயங்களைப் படிக்காதவர்கள் வருத்தப்பட வேண்டாம். அவற்றில் நானும் அண்ணியும் காணாமல் போன ஒரு பூனையைத் தேடினோம். அது பக்கத்து வீட்டு அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. உண்மையான வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. இதை முதல் பக்கத்திலேயே சொல்லியிருந்தால் பூனையை யார் சீந்தியிருப்பார்கள்?

புதிதாக வந்தவர்களுக்காக: அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. பதினெட்டு வருடம் பரீட்சைக் கூடங்களில் மேற்பார்வையாளராக நடையாய் நடந்தவர். முழங்கைக்கு அடியில் ஒளிந்திருக்கும் துண்டுச் சீட்டை நாற்பது அடி தூரத்திலிருந்து மோப்பம் பிடிப்பார். போன வருடம் வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய ஆரம்பித்தார். நான் அவருடைய கொழுந்தன். வீடு வீடாகப் போய் வாக்யூம் கிளீனர் விற்றுக்கொண்டிருந்தவன்; முகத்துக்கு நேராகக் கதவு சாத்தப்பட்டாலும் அசராதவன் என்ற ஒரே தகுதிக்காக என்னை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். அண்ணன் காலையில் வேலைக்குக் கிளம்பியதும் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை எங்கள் அலுவலகமாகிவிடும்.

அன்று காலை ஒன்பதே முக்காலுக்கு வந்த பெண், கழுத்தில் பெரிய ஹெட்போனைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தார். அதன் வயர் மேசைக் காலில் சிக்கிக்கொண்டது. குனிந்து எடுத்துக் கொடுத்தேன். நன்றி சொல்வதற்குப் பதிலாக அவர், "இன்னைக்கு அஞ்சு மணிக்கு என் வாழ்க்கை முடிஞ்சிரும்" என்றார்.

"அப்படின்னா இன்னும் ஏழே கால் மணி நேரம் இருக்கு. ஒரு டீ குடிக்கலாம்" என்றேன்.

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். டீ போட எழுந்தேன்.

சமையலறைக்கும் மேசைக்கும் நடுவில் சுவர் கிடையாது. அதனால் எல்லாம் காதில் விழுந்தது. வந்தவர் ஒரு ஸ்டுடியோவில் ஒலிப்பதிவாளர். இணையத்தில் வாரா வாரம் வரும் 'மூடாத லிஃப்ட்' என்ற ஒலி நாடகத்துக்கு ஆறு வருடமாகக் குரல்களையும் சத்தங்களையும் சேர்த்துக் கொடுப்பவர். ஒரு பழைய கட்டடம், ஒரு லிஃப்ட் ஆபரேட்டர், லிஃப்டின் ஸ்பீக்கரில் அவருக்கு மட்டும் கேட்கும் ஒரு பெண் குரல். எந்த மாடிக்குப் போகவேண்டும், யாரைக் காப்பாற்றவேண்டும் என்று அந்தக் குரல் சொல்லும். அது யாருடைய குரல்? ஒன்பது வருடமாக லட்சம் பேர் இதைக் கேட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். கடைசிப் பகுதி இன்று மாலை ஆறு மணிக்கு வெளியாகிறது.

"முந்தாநாளே அந்த முடிவு வெளிய வந்திருச்சு மேடம். மொட்டைமாடியில யாரோ போட்டுட்டாங்க."

"எந்த வீட்டு மொட்டைமாடி?" என்று கேட்டேன்.

"வீடு இல்ல சார். ரசிகர்கள் மூணு இடத்துல இருக்காங்க. ஒவ்வொண்ணுக்கும் கட்டடத்துல ஒரு இடத்துப் பேரு வச்சிருக்காங்க. முதல்ல இருந்தது 'படிக்கட்டு', பழைய காலத்து விவாதத் தளம். பக்கம் பக்கமா எழுதுவாங்க. அப்புறம் அரட்டைக் குழு வந்துச்சு, அது 'வராந்தா'. இப்போ குட்டி வீடியோ போடுற ஆப்ல ஒரு பெரிய கூட்டம். அதுதான் 'மொட்டைமாடி'. படிக்கட்டுக்காரங்களுக்கு மத்த ரெண்டு பேரையும் பிடிக்காது. வராந்தாக்காரங்க எதையும் முழுசாப் படிக்க மாட்டாங்க. மொட்டைமாடிக்காரங்க எதுக்கெடுத்தாலும் அழுவாங்க."

"எல்லாம் அத்துப்படியா வச்சிருக்கீங்களே" என்றார் அண்ணி.

"ஸ்டுடியோவுல பேசிக்குவாங்க" என்று சட்டென்று சொன்னார் அவர். "எங்களுக்கு அங்கெல்லாம் போக அனுமதியே இல்ல. ரசிகர் குழுவுல இருக்கிற யாரும் ஸ்டுடியோவுல வேலை பார்க்கக் கூடாதுன்னு எல்லாருமே கையெழுத்துப் போட்டிருக்கோம்."

முழு முடிவும் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: எழுதிய கதாசிரியர், தயாரிப்பாளர், இவர். நடித்தவர்கள்கூடத் தங்கள் வரிகளைத் தனித்தனியாகப் பேசிவிட்டுப் போனவர்கள்தான். தயாரிப்பாளர் விரலை இவரை நோக்கி நீட்டிவிட்டார். மாலை ஐந்து மணிக்குள் இவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளாவிட்டால், கசியவிட்டவர் இவர்தான் என்று படத்தோடு மூன்று இடங்களிலும் அறிவித்துவிட்டு வேலையிலிருந்து நீக்குவாராம். கோபத்திலிருக்கும் லட்சம் ரசிகர்களுக்கு இவர் முகம் தெரிந்துவிட்டால், வேறு ஸ்டுடியோ வாசலை இவர் மிதிக்க முடியாது. தெருவில்கூட நிம்மதியாக நடக்க முடியாது.

"அந்த முடிவுதான் என்ன?" என்றார் அண்ணி.

"நீங்க ரெண்டு பேரும் நாடகம் கேட்டதே இல்லையா? சொல்லலாமா?"

"சும்மா சொல்லுங்க."

அவர் தயங்கினார். ஹெட்போனைத் தடவினார், ஜன்னலைப் பார்த்தார், ஆள்காட்டி விரலால் மேசையை டொக் டொக்கென்று கொஞ்ச நேரம் தட்டினார். பாவம், பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணியின் பார்வை மட்டும் அந்த விரல் மேலேயே இருந்தது.

"அந்தக் குரல் அவரோட சொந்தத் தங்கச்சி. சின்ன வயசுல காணாமப் போனவங்க. லிஃப்டுக்கு நேர் கீழ, அடித்தளத்துல உட்கார்ந்துதான் இத்தனை வருஷமாப் பேசியிருக்காங்க. கடைசி வரி இதுதான்: 'நீ ஒரு நாளும் கீழ் பட்டனை அழுத்தினதே இல்லையே அண்ணா.'"

டீ வடிகட்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். நான் கேட்காத நாடகம்தான். இருந்தாலும் டீ ஆறிப்போனதே தெரியவில்லை.

அவர் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று கதாசிரியர் கொடுத்த வசனப் பிரதியின் கடைசிப் பக்கம். இன்னொன்று மொட்டைமாடியில் வந்த வீடியோவின் படம். இரண்டிலும் அதே கடைசி வரி. அது மட்டுமில்லை. இரண்டிலும் முடிவுக்கு முன்னால், ஒன்றன்கீழ் ஒன்றாகப் புள்ளிகள். வரிக்கு ஒரு புள்ளி. எண்ணிப் பார்த்தேன். இரண்டிலும் பதினொன்று.

"கதாசிரியர் முக்கியமான இடம் வந்தா இப்படிப் புள்ளி வைப்பார். ஸ்டுடியோவுல அதை 'கதாசிரியர் பெருமூச்சு'ன்னு கிண்டல் பண்ணுவாங்க. வெளிய வந்ததுலயும் அதே பெருமூச்சு. அதனால பிரதியைப் பார்த்துத்தான் காப்பி அடிச்சிருக்காங்கன்னு தயாரிப்பாளர் சொல்றார்."

"பரீட்சை ஹால்ல ஒருத்தன் முன்னாடி இருந்தவன் அடிச்சுத் திருத்தினதைக்கூட விடாம, அதே இடத்துல அடிச்சுத் திருத்தி எழுதியிருந்தான்" என்றார் அண்ணி. "சரியான விடை ரெண்டு பேருக்குத் தெரிஞ்சிருக்கலாம். தேவையில்லாத கறை ரெண்டு பேப்பர்ல இருந்தா, அதுதான் காப்பி. உங்க தயாரிப்பாளர் சொல்றது சரிதான். ஆனா அவர் ஒரு கேள்வியை விட்டுட்டார்."

"என்ன கேள்வி?"

"முன் பெஞ்சுல உட்கார்ந்திருந்தது யாரு?" என்றபடி அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டார்.

*

வீடியோ போட்டவரைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மொட்டைமாடியில் அவருடைய பட்டப்பெயர் 'கண்ணீர் ராணி'. முகம், கடை, கடைக்குப் போகும் வழி எல்லாவற்றையும் அவரே தினமும் வீடியோ போடுகிறார். குற்றவாளிகள் எல்லோரும் இப்படி ஒத்துழைத்தால் துப்பறிபவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம்.

அழகு நிலையத்தில் அவர் ஒரு வாடிக்கையாளருக்கு முடிக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். அண்ணி விஷயத்தைச் சொன்னதுமே கண் கலங்கிவிட்டது.

"அக்கா, அந்தத் தங்கச்சியை நினைச்சாலே எனக்குத் தாங்கல. நாலு தடவை அழுது அழுது எடுத்தேன். நாலாவதுதான் நல்லா வந்துச்சு."

"யார் குடுத்தாங்க?" என்றேன்.

"வராந்தாவுல கிடந்துச்சு. எடுத்து மியூசிக் போட்டேன். அவ்வளவுதான்."

"இந்தப் புள்ளியெல்லாம்?"

"வரும்போதே இருந்துச்சு. லிஃப்ட் ஒவ்வொரு மாடியா இறங்குற மாதிரி அழகா இருக்கேன்னு விட்டுட்டேன்."

அண்ணி வீடியோவைத் திறந்து அவர் முன்னால் நீட்டினார். மேலே சிவப்பில் 'கசிந்தது! உண்மையான முடிவு!' என்று மின்னிக்கொண்டிருந்தது. "இதுவும் வராந்தாவுல இருந்தே வந்ததா?"

கண்ணீர் ராணி சாயப் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். கண்ணாடியில் வாடிக்கையாளரும் அவரையே பார்த்தார்.

"அது... நான் சேர்த்தது. வெறுமனே 'ஒரு முடிவு'ன்னு போட்டா யாரு அக்கா பார்ப்பாங்க? 'கசிந்தது'ன்னு போட்டதும் ஒரே ராத்திரியில நாற்பதாயிரம் பேர் பார்த்தாங்க."

"கசிஞ்சதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. அவ்வளவு நல்லா இருந்துச்சு, அதான் உண்மையா இருக்கும்னு..." அதற்கு மேல் பேச்சு வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. அதற்குள் சாயம் வாடிக்கையாளரின் நெற்றியில் இறங்கியதால் நாங்கள் நாசூக்காக வெளியேறினோம்.

"ஒரு ஒட்டு கழண்டுச்சு" என்றார் அண்ணி. "கசிஞ்சதுங்கிறதே இங்க ஒட்டினது. வா, இன்னும் என்னென்ன ஒட்டியிருக்காங்கன்னு பார்ப்போம்."

*

வராந்தாவின் நிர்வாகி ஒரு பஸ் டிரைவர். இரண்டு டிரிப்புக்கு நடுவில் இருபது நிமிட ஓய்வில், பணிமனைப் பெஞ்சில் உட்கார்ந்து ஆயிரத்து இருநூறு பேரைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மூன்று பேரைக் குழுவிலிருந்து இறக்கிவிட்டார். எதிரில் ஆள் இருக்கிறார்கள் என்ற கூச்சம் கொஞ்சமும் இல்லை.

"நான்தாங்க போட்டேன். அதுல என்ன தப்பு? படிக்கட்டுல இருந்து எடுத்தேன்."

"அப்படியேவா?" என்றார் அண்ணி.

"அப்படியே போட முடியுமா? எங்க குழுவுல ஒரு சட்டம். ஒரு திரைக்கு மேல நீளமா எதுவும் போடக் கூடாது. டிராஃபிக்ல நிக்கும்போது படிச்சு முடிக்கணும். அதனால மேல இருந்த தலைப்பு, பேரு, தேதி எல்லாத்தையும் வெட்டிட்டேன்."

"பேரையும் தேதியையும் வெட்டிட்டு, ஒண்ணுமே இல்லாத பதினோரு புள்ளியை விட்டு வச்சீங்களா?" என்றேன்.

டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க படிக்கட்டுல இருந்ததில்லையா சார்? நான் அங்க நாலு வருஷம் இருந்தேன். பேரை வெட்டலாம், தேதியை வெட்டலாம். புள்ளி மேல மட்டும் கை வைக்க மாட்டோம். அது மரியாதை."

"எதுக்கு மரியாதை?"

மணி அடித்தது. அவர் பஸ்ஸில் ஏறி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "மருந்துக்கடைக்காரரைக் கேளுங்க. படிக்கட்டைக் கட்டிக் காக்கிறது அவர்தான். ஆனா நான் அனுப்பினேன்னு சொல்லாதீங்க. நான் வராந்தாவுக்கு வந்ததுல இருந்து பேச மாட்டேங்கிறார்."

பஸ் நகர்ந்தது. மணி இரண்டு. "அண்ணி, ஒருத்தர் 'கசிந்தது'ன்னு சேர்த்தார், இன்னொருத்தர் பேரையும் தேதியையும் வெட்டினார். இப்படியே போனா கடைசியில கதையே இருக்காது போல" என்றேன்.

"கடைசியில இல்ல தம்பி, முதல்லதான் இருக்கும்" என்றார் அண்ணி.

*

மருந்துக்கடையில் இருமல் மருந்து வரிசைக்குப் பின்னால், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் முனகிக்கொண்டிருந்தது. படிக்கட்டு என்ற விவாதத் தளம் மொத்தமும் அதற்குள்தான் இருக்கிறது என்றார் மருந்துக்கடைக்காரர். ஒரு காலத்தில் ஒன்பதாயிரம் பேர். இப்போது வந்து போவது பத்தொன்பது பேர். அதிலும் இருவருக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

"எல்லாரும் வராந்தாவுக்கும் மொட்டைமாடிக்கும் போயிட்டாங்கம்மா. படியில ஏறித்தானே அங்க போனாங்க? திரும்பிப் பார்க்கிறாங்களா?" அவர் குரலில் வருத்தம் நிஜமாகவே இருந்தது. அண்ணி புள்ளிகளைப் பற்றிக் கேட்டதும் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதுவா! ஆரம்பத்துல எங்க தளத்தோட முகப்புல ஒவ்வொரு பதிவுலயும் முதல் பதினோரு வரி தானாத் தெரியும். கதையோட ரகசியத்தை எழுதினா, அன்னைக்கு நாடகம் கேட்காதவங்க கண்ணுலயும் பட்டுரும். அதனால ஒரு வழக்கம் வச்சோம். ரகசியம் எழுதுறவங்க முதல்ல பதினோரு புள்ளி வைக்கணும். விருப்பம் இருக்கிறவங்க திறந்து கீழ போய்ப் படிக்கலாம். பழகினவங்களுக்கு அது கையிலயே வந்துரும். எங்க போனாலும் விடாது."

"இந்த முடிவை இங்க யார் போட்டாங்க?" என்று படத்தைக் காட்டினேன்.

"நான்தான் மேல கொண்டுவந்தேன். நாடகம் முடியப் போகுதேன்னு, இத்தனை வருஷத்துல ரசிகர்கள் கற்பனையா எழுதின முடிவு எல்லாத்தையும் தேடிப் பட்டியல் போட்டேன். மொத்தம் நாற்பத்திரண்டு. அதுல இது பதினேழாவது." அவர் பட்டனைத் தட்டினார். கம்ப்யூட்டர் யோசித்து யோசித்து ஒரு பக்கத்தைத் திறந்தது.

எழுதியவர்: கீழ்வீட்டுக்காரி. தேதி எட்டு வருடத்துக்கு முந்தையது. பதினோரு புள்ளிகள். கீழே, தங்கை, அடித்தளம், கீழ் பட்டன், கடைசி வரி எல்லாம் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தன.

"அண்ணி!" என்றேன். கடையில் எல்லோரும் திரும்பினார்கள். "கசியவே இல்ல! நாடகம் ஆரம்பிச்ச அடுத்த வருஷமே இதை ஒரு ரசிகை எழுதிட்டாங்க!"

"கீழ இருக்கிற பதிலையும் படி" என்றார் அண்ணி.

ஒரே ஒரு பதில் இருந்தது. எழுதியவர் பெயர் 'முதல் பயணி'. 'சிறுபிள்ளைத்தனமான முடிவு. இதை எழுதியவர் கையில் இனி யாரும் பேனா கொடுக்க வேண்டாம்.' அதற்குப் பிறகு கீழ்வீட்டுக்காரி அங்கே ஒரு வரிகூட எழுதவில்லை.

"நல்லா எழுதுவாங்கம்மா அந்தப் பொண்ணு. நேர்ல பார்த்ததில்ல. அந்தப் பதிலை நான் அன்னைக்கே நீக்கியிருக்கணும்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஒரு சந்தேகம்" என்றார் அண்ணி. "எழுதினா புள்ளி வைப்பீங்க. நேர்ல சந்திச்சுப் பேசினா?"

இந்த நேரம் பார்த்து ஒருவர் என்னைக் கடை ஆள் என்று நினைத்து, தலைவலி மாத்திரைக்கும் பல்வலி மாத்திரைக்கும் என்ன வித்தியாசம் என்று பிடித்துக்கொண்டார். பழைய விற்பனையாளன் அல்லவா, தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அவரைச் சமாளித்துவிட்டு வந்தபோது அண்ணியும் கடைக்காரரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னவென்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை.

*

நாலே முக்காலுக்கு ஸ்டுடியோவுக்குள் நுழைந்தோம். நீள மேசை. ஒரு முனையில் தயாரிப்பாளர், அறிவிப்பை டைப் செய்து வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். அவருக்கு வலப்பக்கம் கதாசிரியர். மறு முனையில் ஒலிப்பதிவாளர், ஹெட்போன் கழுத்திலேயே இருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

அண்ணி பழைய பக்கத்தின் பிரதியை மேசையில் வைத்துத் தேதியைச் சுட்டிக்காட்டினார். தயாரிப்பாளர் மூன்று முறை படித்தார். மூன்றாவது முறை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"எட்டு வருஷம் முன்னாடியா? அப்போ இவங்க கசியவிடலையா?"

"இங்கிருந்து வெளிய எதுவும் போகல சார். வெளிய இருந்துதான் உள்ள வந்திருக்கு."

எல்லோரும் கதாசிரியரைப் பார்த்தார்கள். அவர் அலட்சியமாகச் சிரித்தார். "ஒரே மாதிரி ரெண்டு பேருக்குத் தோணாதா? அந்தப் படிக்கட்டோ ஏணியோ, நான் அந்தப் பக்கமே போனதில்ல. ரசிகர் குழுவுல யாரும் இருக்கக் கூடாதுங்கிற விதியை எழுதிக் குடுத்ததே நான்தான்."

"புள்ளி?" என்றேன்.

"என்னோட பாணி."

"இருக்கலாம்" என்று அண்ணி ஒப்புக்கொண்டுவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒலிப்பதிவாளர் கண்ணை மூடிக்கொண்டார். மணி நாலு ஐம்பத்து மூன்று.

"நாங்க கிளம்புறோம். போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். அந்த நாடகத்துல இதுவரைக்கும் யாருமே கவனிக்காத இன்னொரு ரகசியம் இருக்கு. அதைச் சொல்லிட்டுப் போறேன்" என்ற அண்ணி, ஆள்காட்டி விரலால் மேசையைத் தட்டத் தொடங்கினார். நிதானமாக, ஒரே சீராக. டொக். டொக். டொக்.

தயாரிப்பாளர் புரியாமல் பார்த்தார். நானும்தான்.

பத்தாவது தட்டில் அண்ணி நிறுத்திவிட்டார்.

அறை அமைதியாக இருந்தது. ஏசி ஓடும் சத்தம் மட்டும். அண்ணி விரலை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு அப்பாவியாக விட்டத்தைப் பார்த்தார். கதாசிரியர் நெளிந்தார். காலை மாற்றிப் போட்டார். தும்மல் பாதியில் நின்றுபோனவர் போல முகம் கோணியது. அண்ணி அப்போதும் அசையவில்லை.

டொக்.

பதினோராவது தட்டு விழுந்துவிட்டது. அதுவும் ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலிருந்து. ஒன்று கதாசிரியரின் விரல். இன்னொன்று, மேசையின் மறு முனையில், ஒலிப்பதிவாளரின் விரல்.

இருவரும் தங்கள் விரலைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"படிக்கட்டுக்காரங்க நேர்ல சந்திச்சா, ரகசியம் சொல்றதுக்கு முன்னாடி பதினோரு தடவை தட்டுவாங்களாம். கேட்க விரும்பாதவங்க எழுந்து போக நேரம் குடுக்கிறதுக்கு" என்றார் அண்ணி. "பாதியில நிறுத்தினா அவங்களால தாங்கவே முடியாதாம். மருந்துக்கடைக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். அந்த முடிவுக்குக் கீழ பதில் எழுதினது ஒரே ஒருத்தர்தான். வணக்கம், முதல் பயணி சார்."

கதாசிரியர் விரலை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"காலையில எங்க வீட்டு மேசையில இவங்க தட்டினதையும் எண்ணினேன்" என்று அண்ணி ஒலிப்பதிவாளர் பக்கம் திரும்பினார். குரல் தானாகவே இளகியது. "பதினெட்டு வருஷப் பழக்கம், எதையும் எண்ணாம இருக்க முடியாது. நீங்க சொல்ல முடியாததை வேற யாராவது கண்டுபிடிச்சுச் சொல்லணும்னுதானே என்கிட்ட வந்தீங்க, கீழ்வீட்டுக்காரி?"

எனக்குப் புரிய இரண்டு விநாடி ஆனது. தயாரிப்பாளருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஆனது.

ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். "இந்த நாடகத்துக்குப் பக்கத்துல இருக்கணும்னுதான் சத்தம் சேர்க்கிற வேலையே கத்துக்கிட்டேன். வேலை கிடைச்ச அன்னைக்கு, ரசிகை இல்லைன்னு பொய்க் கையெழுத்துப் போட்டேன். போன மாசம் கடைசிப் பகுதி வந்துச்சு. ஹெட்போன்ல என் வரியை என் காதாலயே கேட்டேன். சந்தோஷப்படுறதா அழுறதான்னு தெரியல. வாயைத் திறந்தா வேலை போகும். திறக்கலைன்னா திருடின்னு பேரு." அவர் கதாசிரியரை நேராகப் பார்த்தார். "எடுத்துக்கிட்டதைக்கூட மன்னிச்சிருவேன் சார். அந்த ஒரு பதிலைப் படிச்சதுக்கு அப்புறம் எட்டு வருஷமா நான் எதுவுமே எழுதல. அது நீங்கன்னு இப்பத்தான் தெரியுது."

கதாசிரியர் மேசையிலிருந்த பழைய பக்கத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பேசியபோது பழைய திமிர் எங்கோ போயிருந்தது. "படிச்ச அன்னைக்கே தெரிஞ்சிருச்சு, என்னால இதைவிட நல்ல முடிவை எழுத முடியாதுன்னு. அந்த எரிச்சல்லதான் அப்படி எழுதினேன். எட்டு வருஷமா வேற முடிவு தேடினேன். கிடைக்கல."

தயாரிப்பாளர் டைப் செய்த அறிவிப்பைக் கிழித்தார். பிறகு அலமாரியிலிருந்து விதித் தாளை எடுத்து விரித்தார். "விதிப்படி பார்த்தா உங்க ரெண்டு பேரையுமே வெளிய அனுப்பணுமே!"

"தாராளமா அனுப்புங்க சார்" என்றேன். "ஆறு மணிக்கு நாடகத்தை நீங்களே போட்டுக்குவீங்க இல்ல? எந்த பட்டனை அழுத்தணும்னு தெரியுமா?"

தயாரிப்பாளர் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் இருந்த நூற்றுச் சொச்சம் பட்டன்களைப் பார்த்தார். விதித் தாளையும் கிழித்தார். முடிவை எழுதியது யார் என்பது நாடகத்திலேயே குரலாக வரும் என்றார். கதாசிரியர் தலையசைத்தார்.

"அது மட்டும் போதாது" என்றார் ஒலிப்பதிவாளர். "எங்க எழுதினாரோ அங்கயே போய் எழுதணும். வராந்தாவுல வேண்டாம், மொட்டைமாடியில வேண்டாம். படிக்கட்டுல. என் பதிவுக்குக் கீழ. அதே பேர்ல."

கதாசிரியர் லேப்டாப்பை இழுத்தார். கடவுச்சொல்லைக்கூட யோசிக்காமல் டைப் செய்தார். அந்தப் பக்கமே போனதில்லையாம்! பிறகு வரிக்கு ஒன்றாகப் புள்ளி வைத்தார். நாங்கள் நால்வரும் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தோம். வைத்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒண்ணு குறையுது" என்றார் ஒலிப்பதிவாளர்.

கதாசிரியர் பதினோராவது புள்ளியை வைத்தார். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி எழுதினார்.

'உங்கள் பேனாவைத் திருப்பித் தருகிறேன்.'

ஒலிப்பதிவாளர் அதை ஒரு முறை படித்தார். புறங்கையால் கண்ணைத் துடைத்தார். மேசையிலிருந்த ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.

"ஆறு மணிக்குப் பகுதி போகணும். எல்லாரும் வெளிய போங்க" என்றார்.

தயாரிப்பாளர் உட்பட எல்லோரும் போனோம்.